குதிகால் உயர்ந்த காலணி முதலில் யாருடைய காலில் இருந்தது?

கேள்வி: குப்பம்_வாசி

வணக்கம். ஆந்திராவில் உள்ள குப்பம் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் ரயிலேறி ஆம்பூர்ப் பக்கம் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பதினோரு ஆண்டுகளாக ஹீல் பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் வருபவை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகும் பெண்கள் காலணிகள் என்பதால், உயர்ந்த குதிகால் என்பது பெண்களுக்காகவே தோன்றிய ஒன்று என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சென்ற வாரம் என் அக்காள் மகள் தன் கைப்பேசியில் தெலுங்கில் வந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். தெலங்கானாவில் பாலம்பேட்டில் உள்ள ராமப்பா கோயிலில் ஒரு பெண் சிற்பம் ஹை ஹீல்ஸ் அணிந்து நிற்கிறது, ஆகவே எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அது நம் நாட்டில் இருந்தது, ஐரோப்பியர்கள் நம்மிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தச் செய்தியின் சாரம். அவளுடைய தங்கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதன்முதலில் ஹீல்ஸ் போட்டவர்கள் ஆண்கள் என்றும், அவர்கள் பாரசீகக் குதிரை வீரர்கள் என்றும் அவள் வாதிட்டாள். கடைசியில் இருவரும் என்னிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். நாளெல்லாம் ஹீல் பொருத்துகிறவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை என்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ராமப்பா சிற்பத்தை எப்படிப் புரிந்துகொள்வது? பாரசீகத்தைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா? உண்மை என்றால், குதிரைமேல் இருந்த ஆணின் காலணி எப்படிப் பெண்ணின் காலுக்கு வந்து சேர்ந்தது?

மறுமொழி: பேரணாம்பட்டு_பெரியவர்

தம்பி, நான் நாற்பது ஆண்டுகள் தோலோடு வாழ்ந்தவன். முதலில் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியோரம் நின்றேன். பிறகு கட்டையில், அதாவது காலணிக்கு வடிவம் தரும் பாத அச்சில், காலணியின் மேல்தோலான அப்பரை இழுத்து ஒட்டும் வேலைக்கு வந்தேன். வரலாற்றுப் பகுதியை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். செய்பவனின் கண்ணோடு ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் காட்டிவிடுகிறேன். அது தெளிந்துவிட்டால் உங்கள் வீட்டு வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

அடி உயர்ந்த காலணி வேறு, குதி உயர்ந்த காலணி வேறு. நம் பாட்டன்மார் போட்ட மரக்குறட்டை, நீங்கள் தெலுங்கில் பாங்கோள்ளு என்று சொல்வதை, நினைத்துப் பாருங்கள். விரலிடுக்கில் குமிழ் இருக்கும், கீழே முன்னும் பின்னுமாக இரண்டு முட்டு இருக்கும். அதன்மேல் நிற்பவன் தரையைவிட்டு இரண்டு அங்குலம் மேலே நிற்கிறான் என்றாலும் அவனுடைய பாதம் சமமாகவே இருக்கிறது. சேறும் ஈரமும் சூடும் காலில் படாமல் இருப்பதற்காக உலகம் முழுவதும் மனிதர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். துருக்கியர்களின் குளியல் மண்டபங்களில் சிப்பி பதித்த உயரமான மரக்குறடுகள் இருந்தன. ஐரோப்பாவில் நல்ல செருப்பு சேற்றில் கெடாமல் இருக்க அதற்குக் கீழே இன்னொரு மரச்செருப்பைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஜப்பானியர்களின் கெட்டாவும் இந்த இனம்தான். இவற்றில் எதையும் யாரும் யாரிடமிருந்தும் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய தேவையில்லை. மழையும் சேறும் எல்லா ஊரிலும் உண்டு.

நீங்கள் பொருத்தும் ஹீல் இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதில் முன்பாதம் தாழ்ந்தும் குதி உயர்ந்தும் இருக்க, நடுவில் பாதத்தின் வளைவு அந்தரத்தில் நிற்கிறது. அந்த இடைவெளியைத் தாங்குவதற்குத்தான் நாம் இன்சோலுக்கு, அதாவது உள்ளடிக்கு, அடியில் ஷாங்க் என்ற உறுதியான பட்டையை வைக்கிறோம். இப்படிப்பட்ட ஒன்றைச் சேற்றுக்குப் பயந்து எவனும் செய்யமாட்டான், ஏனென்றால் சேற்றில் அது ஆணியைப்போல் இறங்கிவிடும். எனவே அதற்கு வேறு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும், அந்தக் காரணம் அங்கவடி.

குதிரையின் சேணத்தில் இருபுறமும் தொங்கும் அங்கவடிக்குள் காலை நுழைத்தால், அடி மழமழவென்று இருக்கும் காலணி முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போகும். குதி வரைக்கும் கால் உள்ளே போய்விட்டால், வீரன் கீழே விழும்போது கால் மாட்டிக்கொண்டு குதிரை அவனை இழுத்துக்கொண்டே ஓடும். குதியில் ஒரு கட்டை இருந்தால், அதன் முன்முகம், நம் தொழிலில் ஹீல் பிரெஸ்ட் என்று சொல்கிறோமே, அந்த இடம் அங்கவடியின் பட்டையில் முட்டி நின்றுவிடும். பிறகு அவன் அங்கவடிமேல் எழுந்து நிற்கலாம், இரண்டு கையையும் கடிவாளத்திலிருந்து எடுத்து வில்லை வளைக்கலாம். ஓடும் குதிரையில் எழுந்து நின்று அம்பு விடுவதுதான் மேற்கு ஆசியப் படைகளின் உயிர்நாடி. ஹீல் அவர்களுக்கு அலங்காரத்துக்கு முன்னால் ஒரு கருவி.

ராமப்பா சிற்பத்தைப் பற்றி: அந்தப் பெண்ணின் காலில் தடித்த அடியுள்ள காலணி இருப்பதை நானும் படத்தில் பார்த்தேன், அழகான வேலைப்பாடு. ஆனால் அவள் குதிரையில் இல்லை, நின்றுகொண்டிருக்கிறாள். அதைக் குறட்டின் சொந்தக்காரியாக வைப்பேனே தவிர ஹீலின் தாயாக வைக்கமாட்டேன்.

மறுமொழி: சித்தூர்_வரலாற்று_ஆசிரியை

பெரியவர் ஐயா சொன்ன வேறுபாடு மிகச் சரியானது. அதன்மேல் காலவரிசையை மட்டும் நான் அடுக்குகிறேன்.

ராமப்பா கோயில் 1213ஆம் ஆண்டு, காகதீய மன்னர் கணபதிதேவரின் படைத்தலைவர் ரேசர்ல ருத்ரனால் கட்டப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானதிலிருந்து அங்குள்ள மதனிகை எனப்படும் கருங்கல் பெண் சிற்பங்களின் படங்கள் எல்லாக் கைப்பேசிகளிலும் சுற்றிவருகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தக்காணத்தில் தடித்த அடியுள்ள காலணியைச் சிற்பி அறிந்திருந்தான் என்பதற்கு அந்தச் சிற்பம் நல்ல சான்று. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அது போயிற்று என்று சொல்வதற்கோ இடையில் ஒரு கண்ணிகூடக் கிடையாது. இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் பிள்ளையாகிவிடாது.

குதிரையேற்றத்தில் நம் நாட்டுக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாஞ்சிச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் கால் பெருவிரலை மட்டும் ஒரு சிறு வளையத்துக்குள் நுழைத்திருப்பதைக் காணலாம். வெறுங்காலோடு ஏறும் நாட்டில் அது போதுமானதாக இருந்தது; பெருவிரலால் பிடித்துக்கொள்பவனுக்குக் குதியில் கட்டை எதற்கு? முழுப் பாதத்தையும் தாங்கும் இரட்டை அங்கவடி கி.பி. நான்காம் நூற்றாண்டையொட்டிச் சீனத்தில் உருப்பெற்று, புல்வெளி நாடோடிகள் வழியாக மேற்கே சென்றது. குளிர்நாட்டுக்காரர்கள் மூடிய காலணி அணிந்து ஏறியபோதுதான் வழுக்கும் சிக்கல் எழுந்தது. ஹீல் ஏன் அங்கே தோன்றியது, இங்கே ஏன் தோன்றவில்லை என்பதற்கு இந்த வெறுங்காலும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இனி பாரசீகம். 1588ஆம் ஆண்டு அரியணை ஏறிய ஷா அப்பாஸ், உதுமானியத் துருக்கியரை எதிர்க்க ஐரோப்பிய அரசர்களின் நட்பை நாடினார். 1599ஆம் ஆண்டு உசேன் அலி பேக் என்பவரின் தலைமையில், அந்தோணி ஷெர்லி என்ற ஆங்கிலேயரையும் சேர்த்து, ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழு மாஸ்கோ, பிராக், ரோம் என்று சுற்றி ஸ்பெயின் வரை சென்றது. அதையொட்டி ஐரோப்பிய அரசவைகளில் பாரசீக மோகம் பிறந்தது என்றும், பாரசீக வீரனின் ஆண்மையைத் தாமும் பூண்டுகொள்ளும் ஆசையில் அங்கிருந்த மேட்டுக்குடி ஆண்கள் குதி உயர்ந்த காலணிகளை அணியத் தொடங்கினார்கள் என்றும் டொராண்டோவில் உள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தின் காப்பாளர் எலிசபெத் செம்மல்ஹாக் விளக்குகிறார். அந்த அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டுப் பாரசீக ஆண்களின் ஹீல் காலணிகள் இருக்கின்றன. பச்சை நிற ஷாக்ரீன் தோலால் மூடப்பட்டவை.

ஆகவே உங்கள் இளைய மருமகள் சொன்னது பெருமளவு சரி.

மறுமொழி: குப்பம்_வாசி

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. ஷாக்ரீன் என்றால் என்ன? எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

மறுமொழி: பேரணாம்பட்டு_பெரியவர்

இந்தப் பழைய முறையில் இப்போது பெரும்பாலும் எவரும் செய்வதில்லை, தம்பி, அதனால் கேட்டிருக்கமாட்டீர்கள். குதிரை அல்லது கழுதையின் பின்தொடைத் தோலை எடுத்து, முடி நீக்கி, பதனிடாமல் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கடினமான சிறு விதைகளைப் பரப்பி மிதித்து அழுத்துவார்கள். காய்ந்ததும் விதைகளைத் தட்டிவிட்டால் தோல் முழுவதும் குழிகுழியாக இருக்கும். பிறகு மேற்பரப்பைக் குழியின் மட்டத்துக்குச் சீவி, மறுபடியும் நீரில் ஊறவைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: விதை அழுத்தி இறுகியிருந்த இடங்கள் உப்பி எழும், சீவிய இடங்கள் அப்படியே கிடக்கும். குழியாக இருந்ததெல்லாம் குருணையாகிவிடும். பெரும்பாலும் செம்பு கலந்த சாயத்தால் அதற்குப் பச்சை நிறம் ஏற்றுவார்கள்.

எங்கள் காலத்தில் ஆட்டுத்தோலுக்கு எந்திரத்தில் அச்சுத் தகடு வைத்து இதே குருணையை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவோம். கடுகளவு விதையால் நாட்கணக்கில் அதைச் செய்தவனின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது, நீரும் எளிதில் ஏறாது, வாள்பிடிக்கும் சுற்றுவார்கள். காலணியின் குதிக்கு அதைத் தேர்ந்தெடுத்தவன் தோலை அறிந்தவன்.

மறுமொழி: நகரி_ஐயப்பாடு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆசிரியை அம்மா 1599ஆம் ஆண்டுத் தூதுக்குழுவைத் தொடக்கப்புள்ளியாக வைக்கிறார். ஆனால் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் ஆடைக் கணக்குகளில், 1595ஆம் ஆண்டிலேயே, உயர்ந்த குதியும் வளைவும் கொண்ட ஸ்பானியத் தோல் காலணி ஒரு சோடி செய்ததாகக் குறிப்பு இருக்கிறது. தூதுக்குழு புறப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அதுவும் ஒரு பெண்ணின் காலில் ஹீல் இருந்திருக்கிறது. அப்படியானால் பாரசீகக் கதையே ஆட்டம் காண்கிறதல்லவா? 1533ஆம் ஆண்டு, பின்னாளில் பிரான்சின் அரசியான கேத்தரின் டி மெடிசி தன் திருமணத்துக்கு ஹீல்ஸ் அணிந்துவந்தாள் என்றும், அதை லியோனார்டோ டா வின்சி கண்டுபிடித்தார் என்றும், 1770இல் ஹீல்ஸ் போட்டு ஆணை மயக்கி மணந்தால் சூனியக்காரியாகக் கருதித் தண்டிக்க ஆங்கில நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது என்றும் படித்திருக்கிறேன். இவற்றையும் சேர்த்து விளக்குங்கள்.

மறுமொழி: சித்தூர்_வரலாற்று_ஆசிரியை

முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. மற்றவை அந்த வரிசையில் வைக்கத் தகுந்தவை அல்ல. லியோனார்டோ 1519இல் இறந்துவிட்டார், அவர் ஹீல் கண்டுபிடித்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கேத்தரினின் திருமணக் காலணி பலமுறை சொல்லப்பட்டதாலேயே வரலாறுபோல் ஆகிவிட்ட ஒரு கதை. 1770ஆம் ஆண்டுச் சட்டம் என்பதும் அப்படியே; பிற்காலத்தவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டு போனார்களே தவிர, அப்படி ஒரு சட்டம் நிறைவேறவில்லை.

1595ஆம் ஆண்டுக் குறிப்பு உண்மையானது. அதை வைத்துப் பார்த்தால், 1599ஆம் ஆண்டுத் தூதுக்குழுதான் ஐரோப்பாவுக்கு ஹீலைக் கொண்டுவந்து இறக்கியது என்று எழுதுவது மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்பு எழுதியதில் அந்தத் தொனி இருந்தது. மேற்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வாசல் ஒன்று மட்டும் இருக்கவில்லை. வெனிசின் வணிகர்கள் உதுமானியத் துறைமுகங்களில் நிரந்தரமாகவே இருந்தார்கள். போலந்திலும் ஹங்கேரியிலும் குதிரைப்படையினர் கிழக்கத்திய முறையில் உடுத்திப் போரிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வழிகளிலெல்லாம் ஹீல் சொட்டுச்சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது என்றும், பாரசீகத் தூதர்களின் வருகை அதற்கு ஒரு மவுசைக் கூட்டியது என்றும் சொல்வதே பொருத்தம். 1600க்குப் பிறகு வரையப்பட்ட ஐரோப்பிய ஆண்களின் உருவப்படங்களில் ஹீல் திடீரென்று பெருகிவிடுவதை யாரும் மறுக்க முடியாது.

பெண்களின் காலில் அதற்கு முன்பு என்ன இருந்தது என்பதும் இங்கே பேசத் தகுந்தது. ஸ்பெயினிலும் வெனிசிலும் சாப்பீன் என்ற ஒன்று இருந்தது. அது பெரியவர் ஐயா சொன்ன குறட்டு இனம்: தக்கையாலோ மரத்தாலோ ஆன ஒரு பீடம், அதன்மேல் பாதம் ஏறக்குறையச் சமமாக நிற்கும். வெனிசில் அது அரை மீட்டர் உயரம் வரைக்கும் போனது. அப்படிப்பட்ட ஒரு சோடியை இன்றும் அந்நகரின் கோர்ரேர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1608ஆம் ஆண்டு அந்நகருக்குச் சென்ற தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயப் பயணி, செல்வர் வீட்டுப் பெண்கள் பணியாளர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும், துணையில்லாமல் பாலத்துப் படிக்கட்டில் இறங்கிய ஒருத்தி தடுமாறி விழுந்ததையும் கண்டு எழுதியிருக்கிறார். பாவாடை சாப்பீனை மூடித் தரைவரை தொங்கும் என்பதால், உயரம் கூடக்கூடத் துணியும் கூடும். குடும்பத்தின் செல்வத்தைப் பட்டு மீட்டர் கணக்கில் காட்டுவதற்கு அது ஒரு வழி. காலணி வெளியே தெரியாது. ஆண்களின் ஹீலோ வெளியே தெரிவதற்காகவே அணியப்பட்டது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நகரங்களில் இருந்தும் அவற்றின் நோக்கம் எவ்வளவு விலகியிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

மறுமொழி: குப்பம்_வாசி

அம்மா, அப்படியானால் பெண்கள் சாப்பீனைக் கைவிட்டு ஆண்களின் ஹீலுக்கு எப்போது மாறினார்கள்? ஆண்கள் அதை ஏன் விட்டார்கள்? பிரான்சு நாட்டு அரசர் ஒருவர் குள்ளமாக இருந்ததால் ஹீல்ஸ் போட்டார் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். அவரிடமிருந்துதான் எல்லாரும் கற்றுக்கொண்டார்களாமே?

மறுமொழி: சித்தூர்_வரலாற்று_ஆசிரியை

பதினான்காம் லூயியைத்தான் அவர் சொல்கிறார். 1701ஆம் ஆண்டு இயாசிந்த் ரிகோ வரைந்த புகழ்பெற்ற உருவப்படத்தில், அறுபதைக் கடந்த அந்த அரசர் வெள்ளைக் காலுறையோடு ஒரு காலை முன்னே நீட்டி நிற்க, காலணியின் குதி செக்கச்செவேல் என்று தெரிகிறது. சிவந்த குதி அவருடைய அவையில் உயர்குடியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் "சிவப்புக் குதி" என்ற சொல்லே அரசவையினரைக் குறிக்கும் அளவுக்கு வந்தது. ஆனால் அவர் பிறந்ததே 1638இல். அதற்குள் ஐரோப்பிய ஆண்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக ஹீல் அணிந்துகொண்டிருந்தார்கள். உயரக் குறைவு என்ற காரணமும் போதாது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் ஆறடிக்கு மேல் உயரமானவர். 1661ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவை ஒட்டிய அவருடைய படத்திலும் பெரிய சிவப்பு ஹீல்கள் இருக்கின்றன. வயலில் இறங்கவேண்டியதில்லை, மூட்டை சுமக்கவேண்டியதில்லை, கல் பாவிய தெருவில் தொலைதூரம் நடக்கவேண்டியதில்லை என்பதைப் பார்ப்பவனுக்கு உணர்த்துவதே அந்தக் காலணியின் வேலை. குதிரைமேல் பயன்பட்ட ஒன்று தரையில் பயனற்றதாக இருந்ததே அதன் பெருமையாகிவிட்டது.

பெண்களின் பங்கு 1620களிலும் 1630களிலும் தொடங்குகிறது. அப்போது ஐரோப்பாவின் மேல்தட்டுப் பெண்களிடையே ஆண்களின் உடைக்கூறுகளை எடுத்துக்கொள்ளும் ஒரு மோகம் இருந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், ஆண்களின் தொப்பியை வைத்துக்கொண்டார்கள், புகைக்குழாயைக் கையில் எடுத்தார்கள். மதபோதகர்கள் அதைக் கண்டு கொதித்தார்கள். ஹீலும் அந்த வரிசையில்தான் அவர்களிடம் வந்தது. எலிசபெத் அரசியின் காலணி முந்தியதுதான் என்றாலும், பெண்களிடம் அது பரவலானது இந்த வழியில்தான். அதாவது, பெண்கள் முதலில் ஹீல் அணிந்தது ஆண்மையாகத் தோன்றுவதற்காக! உங்கள் மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருவரின் ஹீலும் பிரியத் தொடங்கியது: ஆண்களுடையது தடித்துச் சதுரமாக, பெண்களுடையது மெலிந்து வளைவாக. அடுத்த நூற்றாண்டில், பகுத்தறிவும் பயனும்தான் ஆணுக்கு அழகு, அலங்காரம் பெண்ணுக்கு என்ற எண்ணம் வலுப்பட்டபோது, ஆண்கள் பட்டையும் பளபளப்பையும் ஹீலையும் ஒன்றாகக் கழற்றிவைத்தார்கள். 1740ஐ ஒட்டி ஆண்களின் உயர்ந்த ஹீல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சவாரிக்கான பூட்ஸில் மட்டும் அது தன் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிரபுக்களின் அடையாளம் எதையும் காலில் சுமப்பது ஆபத்தாகிவிட்டதால் பெண்களும் தட்டைச் செருப்புக்கு இறங்கினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகே ஹீல் திரும்பிவந்தது, அதுவும் பெண்களுக்கு மட்டும்.

மறுமொழி: பேரணாம்பட்டு_பெரியவர்

ஆசிரியை அம்மா அரசர்களைப் பார்த்துக்கொண்டார்கள். செய்தவர்களுக்கு என்ன பாடு என்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

இன்று இடது கால், வலது கால் என்று இரண்டு கட்டை இல்லாமல் நாம் காலணி செய்வோமா? மத்திய காலத்து ஐரோப்பியக் காலணித் தொழிலாளர்கள் இடம் வலம் பார்த்துத்தான் செய்தார்கள். ஹீல் வந்ததும் அந்தப் பழக்கம் கெட்டுப்போனது. ஹீலின் உயரம் மாறினால் கட்டையின் வளைவும் மாறவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அளவுக்கும், ஒவ்வோர் உயரத்துக்கும், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டு கட்டைகளைக் கையால் செதுக்கி வைத்தால் பட்டறையே கட்டையால் நிறைந்துவிடும், கூலியும் கட்டாது. ஆகவே 1600ஐ ஒட்டி அவர்கள் ஒரே கட்டையில் இரண்டு காலுக்கும் பொதுவாகச் செய்யத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், அரசன் முதல் படைவீரன் வரை, இடமும் வலமும் இல்லாத காலணியைப் போட்டுத் தங்கள் காலாலேயே அதற்கு வடிவம் கொடுத்துக்கொண்டார்கள். ஹீல் தட்டையானபோதுதான் இட வலம் மெல்லத் திரும்பியது. அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சார்டு துப்பாக்கிக் கட்டையைக் கடைவதற்கு 1820ஐ ஒட்டி உருவாக்கிய கடைசல் எந்திரத்தைக் காலணிக் கட்டைக்கும் பயன்படுத்தத் தொடங்கியபின் சோடிக் கட்டை மலிவாகிவிட்டது.

இன்னொன்று. இரும்பு ஷாங்க் இல்லாத காலத்தில் அவ்வளவு உயரத்தை எப்படித் தாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கவேண்டும், கேட்கவில்லை. பழைய காலணிகளின் படங்களைப் பாருங்கள்: ஹீல் குதிக்கு நேர் கீழே இருக்காது, உள்ளே தள்ளி, பாதத்தின் வளைவுக்கு அடியில் இருக்கும். மரத்தில் செதுக்கி, மேலும் கீழும் அகலமாகவும் நடுவில் ஒடுக்கமாகவும் விட்டு, தோலால் போர்த்துவார்கள். சோல் தோலையே வளைத்து ஹீலின் முன்முகம் வரை இறக்கி ஒட்டுவார்கள். அதுவே ஷாங்க்கின் வேலையைச் செய்தது. இன்றும் நம் வரிசைகளில் லூயி ஹீல் என்று அந்த வடிவத்துக்குப் பெயர் வழங்குகிறது. சவாரி பூட்ஸுக்கு மட்டும் மரம் வைக்காமல், தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியடித்து, விளிம்பைச் சீவி ஹீல் செய்தார்கள். ஊசிபோன்ற ஸ்டிலெட்டோ 1950களில்தான் வர முடிந்தது, ஏனென்றால் அதற்கு உள்ளே எஃகுத் தண்டு வேண்டும். மரத்தை அந்த அளவுக்கு மெலியச் சீவினால் இரண்டாவது படியிலேயே முறிந்துவிடும்.

குதிரையைவிட்டு இறங்கியதும் அந்த ஹீல் சேற்றில் புதைந்ததே, அதற்கு அவர்கள் செய்த உபாயம்தான் எனக்குப் பிடித்தது. ஹீல் காலணியோடு அப்படியே ஒரு தட்டைச் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்கள். நாளடைவில் அந்தத் தட்டை அடியைக் காலணியின் முன்பக்கத்தில் மட்டும் தைத்து, பின்பக்கம் ஹீலோடு சேராமல் விட்டுவிட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஹீல் அதன்மேல் பட்டென்று அடிக்கும். பெரிய வீட்டுப் பெண்கள் அந்தச் சத்தத்துக்காகவே அதைப் போட ஆரம்பித்தார்கள் என்றால், குற்றம் செய்தவனே அதற்குப் பரிசும் வாங்கிக்கொண்ட கதைதான்.

மறுமொழி: நகரி_ஐயப்பாடு

1595ஐப் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியை அம்மா தன் கூற்றைத் திருத்திக்கொண்டது மகிழ்ச்சி. ஒரே கட்டையில் இரண்டு காலுக்கும் செய்தார்கள் என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. ராமப்பாவைப் பற்றிச் சண்டை போடுவதற்காக வந்தவன் காலணிக் கட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டு போகிறேன்.

மறுமொழி: குப்பம்_வாசி

எல்லாருக்கும் நன்றி. இன்று மதிய இடைவேளையில் எங்கள் மாதிரி அறையில் அமெரிக்க வாடிக்கையாளருக்காகச் செய்துவைத்திருந்த மாட்டுக்காரர் பூட்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஹீலின் முன்முகத்தில் விரலை வைத்துத் தடவியபோதுதான் பெரியவர் ஐயா சொன்ன அங்கவடி எங்கே முட்டும் என்பது புரிந்தது. அந்த முகம் எத்தனை டிகிரி சாய்வில் இருக்கவேண்டும் என்று தரப் பிரிவில் எங்களைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்; எதற்கு அந்தச் சாய்வு என்று அங்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வீட்டில் இளையவள் வென்றுவிட்டதாக அறிவித்துவிட்டாள். மூத்தவள் விடுவதாக இல்லை. வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகள்மேல் வீரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் காலில் என்ன இருக்கிறது, அங்கவடியில் பாதம் நுழைந்திருக்கிறதா விரல் நுழைந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் பேசுவாளாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மூவரும் காட்பாடிக்குப் போகிறோம்.

மறுமொழி: பேரணாம்பட்டு_பெரியவர்

ஒரு டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு போங்கள், தம்பி. மண்டபத்தின் உள்வரிசைத் தூண்களில் கால் பகுதி இருட்டாக இருக்கும்.